மூன்றாவது மாடிக்குத் தண்ணீர்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்கள் வீடு மூன்றாவது மாடி. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு உடம்பு பெருத்துவிட்டது. தன் தொப்பையைக் குறைக்க வீட்டுக்காரர் ஜிம்மில் சேர்ந்தார்; அங்கே தோஸ்துகளோடு அரட்டை, திரும்பும்போது பஜ்ஜி. நான் லாரித் தண்ணீர் தூக்குவதையே பயிற்சியாக்கினேன். முதலில் ஒரு குடம், பிறகு கைக்கொன்று. படியேறும்போது யாரோடும் பேசமாட்டேன், கவனமெல்லாம் மூச்சில்தான். ராத்திரிச் சோற்றையும் பாதியாக்கினேன்.

சில மாதம் கழித்து, யார் கை பலம் என்று விளையாட்டாகக் கை மடக்கிப் பார்க்கலாம் என்றார் வீட்டுக்காரர். அவர் கைதான் சாய்ந்தது.

"இன்னாம்மே, கை கல்லாட்டம் கீது?"

மூத்த மகள் கைதட்டினாள். "நாளைக்கு லாரி வரும், நீயும் வாய்யா. வழியில பேசக்கூடாது" என்றேன்.

வந்தார். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கக் குடத்தை இறக்கிவைத்து, ஏதோ பேச வாயெடுத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு தூக்கினார்.