மூன்று பைனல் போட்ட கத்திரிக்காய்

கோடை விடுமுறைக்கு விடுதியைக் காலி செய்துகொண்டு சென்னீர்குப்பம் வந்த மறுநாளே காட்டுப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பிளெக்ஸ் கடையில் என் பள்ளித் தோழி வேலை பார்க்கிறாள். இரண்டு வருடமாக எங்களுக்குள் போய்வந்தது பிறந்தநாள் கேக் படம் மட்டும்தான்.

பள்ளியில் நாங்கள் மூன்று பேர். ரஃப் நோட்டில் ரகசியமாக ஒரு பத்திரிகை நடத்தினோம். எழுதுவது நான், படம் போடுவது இவள், பெஞ்சு பெஞ்சாகக் கடத்துவது இன்னொருத்தி. வாத்தியார்களைக் காய்கறியாக வரைவாள் இவள். கணக்கு வாத்தியார் புடலங்காய், தலைமையாசிரியை பூசணி. பிடிபட்ட அன்று புடலங்காய் சிரித்துவிட்டார். பூசணிதான் எங்களை வெயிலில் நிற்க வைத்தது.

கடையில் அவள் கணினி முன்னால் இருந்தாள்.

"இன்னாடி பண்ணிகினு கீறே?"

"தல வெட்றேன். காலைலேர்ந்து இருபத்தேழு தல."

செல்பியிலிருந்து தலையை வெட்டி, கோட்டு போட்ட ஏதோ ஓர் உடம்பில் ஒட்டுவதுதான் வேலை.

"படம்லாம் போடுறியா?"

"அத்த எவன் கேக்குறான்? பென்சில் புடிச்சே ரெண்டு வருஷமாவுது."

நானும் லேப் ரெக்கார்டைத் தவிர எதுவும் எழுதவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் மூன்றாமவளையும் இழுத்துப் போனேன். நர்சிங் படிக்கிறாள். வரும்போதே ஒரு ஆர்டரோடு வந்தாள். அவள் அக்கா குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. பேனரில் பெரிய படம் தாய்மாமன், அதாவது அவள் அண்ணன். பக்கத்தில் சிங்கம் வேண்டும். கீழே கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள் பதினாறு பேர். பள்ளி நாட்களில் எங்களுக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு கேட்டருகே பைக்கில் சாய்ந்து நின்றவர் இந்த அண்ணன்தான்.

முதலாளி சாப்பிடப் போயிருந்தார். பேனர் முடிந்துவிட்டது.

"உங்க அண்ணன் எந்தக் காய்டி?" என்றேன்.

"கத்திரிக்கா!" மூன்று பேரும் ஒரே குரலில்.

படக்காரி ஒரு வேஸ்ட் பிளெக்ஸைத் திருப்பிப் போட்டு மார்க்கரை எடுத்தாள். ஐந்தே நிமிடம். மீசை வைத்த கத்திரிக்காய், நாக்குத் தள்ளிய சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. அதைப் போனில் படம் பிடித்து, பேனரில் அண்ணன் படம் இருந்த இடத்தில் ஏற்றினாள். நான் வாசகம் அடித்தேன்: "குழம்புக்குக் குணம் தந்த கோமானே, தட்டு சுமந்து வரும் தாய்மாமனே, வருக!"

விக்கல் வரும்வரை சிரித்தோம். அழிக்க மனம் வரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது என் கைதான், அதனால் கீபோர்டைக் கண்டாலும் அந்தக் கை சும்மா இருக்காது. 'காதுகுத்து பைனல் பைனல்' என்று ஒரு கோப்பு இருந்தது. இன்னொரு பைனல் சேர்த்து எங்கள் கத்திரிக்காயைச் சேமித்தேன்.

வாடிக்கையாளர் திருத்தம் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பைனலாகச் சேர்ப்பார்களாம். எதில் பைனல் அதிகமோ, அதைத்தான் முதலாளி பிரிண்டுக்கு அனுப்புவாராம். இது எனக்கு அடுத்த நாள் தெரிந்தது.

"ஏய், எங்க தெரு முனைல பத்தடிக்குக் கத்திரிக்கா தொங்கிகினு கீதுடி!" போனில் நர்ஸ் அலறினாள். "ஜனங்க செல்பி எடுத்துகினு கீறாங்க!"

முதலில் சிரித்தேன். பிறகுதான் கடையில் இருப்பவளின் நினைவு வந்தது. இந்த வேலையைக் காட்டித்தான் அவள் தன் வீட்டில் கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

கடைக்கு ஓடினேன். முதலாளி கத்திக்கொண்டிருந்தார். "நம்பிக் கடைய உட்டுட்டு சாப்ட போனா இதான் வேலையா? நாளைலேர்ந்து வராதமா!"

நான் குறுக்கே போய் நின்றேன்.

"நான்தான் சார் சேவ் பண்ணேன்."

"நீ யாரு?"

"காலேஜ் படிக்கிறேன்." சொல்லிச் சொல்லிப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது.

"அதான் தெரியுதே!"

அப்போது வாசலில் ஒரு பைக் நின்றது. கத்திரிக்காய் நேரில் உள்ளே வந்தது.

"யாரு போட்டது?"

"நான்தான்ணா," என்றாள் அவள்.

"மீச கரெக்டா கீது." மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். "ஆனா கத்திரிக்கா இன்னாத்துக்கு? நான் அவ்ளோ குண்டாவா கீறேன்? முருங்கக்காவா போடு. ஒல்லியா, நீட்டா. ஞாயித்துக்கெழமைக்குள்ள வோணும்."

முதலாளி ஆர்டர் புத்தகத்தை எடுத்தார். "போட்டோ அனுப்புங்க சார்," என்றார்.

"போட்டோலாம் வாணாம். இந்தத் தங்கச்சி நேர்லயே பாத்துப் போடட்டும்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் மார்க்கரை எடுத்தாள். முதல் கோடு கோணலாக விழுந்தது. இரண்டாவது நேராக வந்தது.

"நாளைக்கு வரவா சார்?" நிமிராமலே கேட்டாள்.

"முருங்கக்காய வேற யாரு முடிப்பா? வா. ஆனா உன் காலேஜ் பிரெண்டு கீபோர்டு பக்கம் வரக்கூடாது."

நான் கீபோர்டை விட்டு நான்கடி தள்ளி நின்று, முருங்கைக்கு எதுகை தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் வயிற்றை உள்ளே இழுத்து வைத்திருந்தார். முகம் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"அண்ணா, மூச்சு உடுங்க."

"முடிச்சிட்டியா?"

"இன்னும் மூக்கே வரலண்ணா."