ஜீப்பைத் திருப்பி அனுப்பிய தணிகாசலம் சார்

தணிகாசலம் சார் போய்ட்டாரு.

காலைல அவர் பொண்ணு போன் பண்ணா. "அக்கா, அப்பா தூக்கத்துலயே..."ன்னா.

இங்க நெறைய பேருக்கு அவர் யாருன்னு தெரியாது. எண்பதுகள் தொடக்கத்துல ஜவ்வாது மலைமேல நான் டைப்பிஸ்ட்டா இருந்த ஆபீஸுக்கு அவர்தான் ஆபீசர். ரோடு, கிணறு, பள்ளிக்கூடம்னு மலைக்கு வர்ற சர்க்கார் பணம் அவர் கையெழுத்து இல்லாம நகராது.

ஆனா மனுஷனுக்கு சர்க்கார் செலவு பண்றதே புடிக்காது!

"ஏம்மா, சர்க்கார் பணம்னு தனியா ஒண்ணு கெடையாது. எவனோ தீப்பெட்டி வாங்கறப்ப குடுத்த வரிம்மா அது"ன்னு டிக்டேஷன் நடுவுல சொல்லுவார்.

மார்ச் வந்தா மத்த ஆபீஸ்ல எல்லாம் மிச்சப் பணத்த எப்டியாவது தீர்த்துடணும்னு பறப்பாங்க. இவர் அப்டியே திருப்பி அனுப்பிடுவார்.

ஒரு தடவ காண்ட்ராக்டர் ஒருத்தர், ஆள் நடமாட்டமே இல்லாத மேட்டுல சமுதாயக் கூடம் கட்டலாம்னு பிளானோட வந்தார். "அங்க யாருய்யா கல்யாணம் பண்ணப் போறா? காக்காவும் நரியுமா?"ன்னு கேட்டு அனுப்பிட்டார்.

மேலதிகாரி போன்ல கத்துனது என் டேபிள் வரைக்கும் கேட்டுச்சு... "செலவு பண்ணலன்னா அடுத்த வருஷம் பட்ஜெட்ல கொறச்சுடுவாங்கய்யா!"

"கொறைக்கட்டும் சார்." போனை வெச்சுட்டார்.

சந்தைல புளி மூட்டைக்குச் சுங்கம் வாங்குனதை நிறுத்த வெச்சதும் அவர்தான். காளின்னு ஒரு மலை விவசாயி அன்னிக்கு ஆபீஸ் வாசல்ல வந்து நின்னார். "இன்னா சார், சர்க்கார் ஆளு வந்தா எதையாச்சும் புடுங்கினு போவாங்க. நீ வாணாம்னு வுட்டுட்ட!" அப்டி ஒரு சிரிப்பு.

அப்புறம்... அந்த ஜீப்.

ஆபீஸுக்கு ரெண்டு ஜீப். ரெண்டாவதுல எங்க ஆளுங்க குடும்பத்தோட மலைக்குக் கீழ செங்கத்துக்கு சினிமா பாக்கப் போவாங்க. உண்மைதான். சாருக்கு வயிறு எரியும்.

செலவுக் குறைப்பு ஆர்டர் வந்ததும் மொத ஆளா எழுதிட்டார். ரெண்டாவது ஜீப்பும் வேணாம், டிரைவர் போஸ்ட்டும் வேணாம்.

அதே ஜீப்தான் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் கீழ ஆஸ்பத்திரிக்குப் போய்னு இருந்துது. அது எந்த ரெக்கார்டுலயும் இல்ல. அவசரம்னா டிரைவர் ஏத்தினு போவார், அவ்ளோதான். சாருக்கும் தெரியாது, ஊருக்குப் புதுசா இருந்த எனக்கும் தெரியாது.

ஐப்பசி மழை. காளியோட பொண்ணு வள்ளிக்குத் தலைப்பிரசவம். கொழந்த குறுக்க திரும்பிடுச்சு.

இருந்த ஒரு ஜீப், சாரோட பட்ஜெட் மீட்டிங்குக்குக் கீழ போயிருந்துது. மூங்கில்ல கம்பளியக் கட்டி, அதுல அவள வெச்சுத் தூக்கினு எறங்குனாங்க. பாதி வழில ஓடை ரொம்பிப் போவுது. வடியட்டும்னு கரையிலயே நின்னாங்க...

அங்கியே போய்ட்டா. வயித்துல இருந்ததும்.

மறுநாள் காளி ஆபீஸுக்கு வந்தார். சார் எழுந்து நின்னார்.

"ஜீப்பு எங்க சார்?"

"நான்தான்யா... வேணாம்னு அனுப்பிட்டேன்."

கத்துவார்னு நெனச்சேன். கத்தல.

"புளிக்குச் சுங்கம் வாணாம்னு நாங்க கேட்டோம், எடுத்துட்ட. ஜீப்பு வாணாம்னு யாரு சார் கேட்டாங்க?"

காளி வாசப்படி எறங்கிப் போய்ட்டார்.

சாயங்காலம் சார் காளி வூட்டுக்கு நடந்தே போனார். நானும் கூடப் போனேன். யாரும் உள்ள வாங்கன்னு கூப்டல. வெளியவே நின்னுட்டுத் திரும்பி வந்தோம்.

ஜீப்பை மறுபடி கேட்டு எழுதினார். ஒரு தடவ ஒப்படைச்சதைத் திரும்பக் கேக்க முகாந்திரம் இல்லன்னு பதில் வந்துது. நேர்ல போய் சண்ட போட்டார். ஒண்ணும் நடக்கல. டிரான்ஸ்ஃபர் ஆகிப் போற வரைக்கும் மலைக்கு அந்த ஒரு ஜீப்தான்.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துல பாத்தேன். பந்தில பக்கத்துல வந்து ஒக்காந்தார்.

"சர்க்கார் சின்னதா இருக்கறதுதாம்மா நல்லது. இன்னிக்கும் அதான் சொல்லுவேன்"னார்.

இலைல சோறு அப்டியே இருந்துது. அப்டியே இலைய மூடிட்டு, "அந்த வள்ளி இருந்திருந்தா இந்நேரம் பேரப்புள்ள எடுத்திருப்பா, இல்லம்மா?"ன்னார்.



சாயங்காலம் எடுக்கறாங்களாம். பஸ் ஏறிட்டேன். ரோடு முழுக்க வேல நடக்குது, வண்டி நகரவே மாட்டேங்குது.

நான் வந்து சேர்ற வரைக்கும் கொஞ்சம் இருங்க சார்.