மேலூர் ரோட்டில் புகைந்த சக்கரம்

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஆனி மாதம். திருப்பத்தூர் தாண்டி மேலூர் ரோட்டில் என் பிளசர் கார் நின்றுவிட்டது. பின் சீட்டில் என் மனைவி அழகம்மாள் பிரசவ வலியில் துடிக்கிறாள். பக்கத்தில் அவள் அம்மா. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, மதுரைக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தங்கும் என்று நெற்குப்பை மருத்துவச்சி கைவிரித்துவிட்டார்.

அந்தக் காரை வாடகைக்கு ஓட்டித்தான் என் பிழைப்பு. நாலு நாளாகவே பிரேக் சூடாகிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் ஓடினால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல வண்டி கனக்கும். ஆறவிட்டால் சரியாகிவிடும். லைனிங் புதுசு, பழகப் பழகச் சரியாகும் என்று இருந்துவிட்டேன். என் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான். அன்று ஆறவிட நேரமில்லை. விரட்டினேன். கருகின வாடை வந்தது, பின் சக்கரம் புகைந்தது, அப்புறம் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் வண்டி நகரவில்லை.

உச்சி வெயில். பிள்ளையார்பட்டி இருக்கும் திசையைப் பார்த்து நான் கும்பிடவில்லை. திட்டினேன். உன்னை நம்பித்தானே கிளம்பினேன், இவளுக்கு ஒன்று ஆனால் உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். சொன்ன மாத்திரத்தில் பயம் வந்துவிட்டது. காதைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்திலேயே தோப்புக்கரணம் போட ஆரம்பித்தேன். எத்தனை போட்டேனோ தெரியாது. நிமிர்ந்தபோது எதிரே மதுரையிலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வளர்ந்த ஆள் ஒருவன் தனியாக ரோட்டில் தோப்புக்கரணம் போடுவதைப் பார்த்துத்தான் நிறுத்தினாராம் அதன் டிரைவர். பெயர் செல்லையா.

விஷயத்தைச் சொன்னேன். பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்கி, சேலைத் தலைப்பை விரித்து அழகம்மாளுக்கு வெயில் மறைத்தார்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றலாம் என்றார் ஒருவர். இந்தச் சூட்டில் பிரேக் டிரம் விரிசல் விட்டுப்போகும் என்று செல்லையா தடுத்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டி வந்தார். அந்த நிதானத்தை இன்றுவரை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

"ஒரு சக்கரம் சுட்டா அந்தச் சக்கரத்துல கோளாறு. இங்க நாலும் சுடுது. கோளாறு ஒங்க காலுக்கிட்ட இருக்குண்ணே" என்றார்.

சக்கரத்துப் பின்னால் இருக்கும் சின்னத் திருகாணியை இளக்கினார். பிரேக் எண்ணெய் பீச்சியடித்தது. பிடித்திருந்த சக்கரங்கள் விட்டுக்கொடுத்தன. பிரேக்கை மிதித்தபோது சக்கரத்துக்குப் போன எண்ணெய் திரும்ப வழியில்லாமல் சிக்கி நின்றிருக்கிறது. திருகாணியை இறுக்கிவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே படுத்துக் கையை விட்டார். வெளியே எடுத்தது ஒரு மஞ்சள் துணி முடிச்சு.

எனக்கு உயிரே போய்விட்டது. அது என் முடிச்சு. பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்து, ஒரு விரலி மஞ்சளை முடிந்து, நாலு நாளைக்கு முன் நான்தான் கட்டினேன். சாமி காரியத்தில் கால் படக்கூடாதே என்று பிரேக் பெடலின் தண்டு மேலே வந்து முட்டும் இடத்தில், உள்ளே தள்ளித் திணித்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. முடிச்சைக் கண்ணில் ஒற்றி என் கையில் வைத்தார்.

"பெடல் முழுசா மேல வந்தாத்தான் எண்ணெய் திரும்பும். இது ஒரு நூல் எடத்த அடச்சுக்கிருச்சு. சாமிய மடியில வச்சுக்கிட்டு ஓட்டுங்க, போயிருவீக" என்றார்.

தன் பஸ்ஸிலிருந்த டப்பாவை எடுத்து, குறைந்த எண்ணெயையும் ஊற்றிவிட்டார். பஸ்ஸில் ஒருவர்கூட நேரமாகிறது என்று முணுமுணுக்கவில்லை. மதுரை போய்ச் சேரும்வரை பிரேக் சுடவே இல்லை. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

என் பக்தியே என் வண்டியைப் பிடித்து நிறுத்தியது. அதைக்கூடப் பிள்ளையார் கோபிக்காமல், விவரம் தெரிந்த ஒரு மனுசனை அனுப்பி எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு, ரோட்டில் நின்றுபோன எந்த வண்டியையும் நான் தாண்டிப் போனதில்லை. அன்பர்களே, கஷ்டத்தில் அவரைக் கூப்பிடுங்கள். திட்டியாவது கூப்பிடுங்கள். வருவார்.

மறுவருஷம் பிள்ளையார்பட்டியில் குழந்தைக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது வழக்கம். அழகம்மாளுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. தேடிப்போய் அழைத்தோம். செல்லையா அண்ணன் லீவு போட்டு, புதுக் கம்மலோடு வந்து உட்கார்ந்தார். ஊசி பட்டதும் குழந்தை வீறிட்டது. அவளைவிட அதிகமாக அழுதது அவர்தான்.