செல்போனைக் கூடையில் போடுங்கள்

மெல்பர்னில் நாங்கள் குடியிருக்கும் அடுக்கு மாடியில், எங்கள் வீட்டைப் போலவே இன்னொரு வீடு காலியாகப் போகிறது. அதன் விளம்பரத்துக்கு உங்கள் வீட்டைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு ஏஜென்ட் ஹெலன் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எந்த நாள் வசதி, எந்தெந்தப் பொருள் படத்தில் வரக்கூடாது, விருப்பம் இல்லையென்றால் தாராளமாக மறுக்கலாம் என்றெல்லாம் நீட்டி எழுதியிருந்தார். அவர்கள் வீட்டுக்குள் அவர்கள் வருவதற்கு என்னிடம் எதற்கு அனுமதி? இவ்வளவு பணிவாகக் கேட்டால் அடுத்து காலி பண்ணத்தான் சொல்வார்கள் என்று எங்கள் ஊர்ப் புத்திக்குத் தோன்றியது.

படம் எடுக்கும் நாளில் லீவு போட்டுவிட்டேன். தரையை மூன்று முறை துடைத்தேன். கணவருக்குச் சட்டை தேய்த்துக் கொடுத்து, மகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, நானும் நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். ஹெலன் காமிராவோடு வாசலிலேயே நின்றுவிட்டார். "படத்தில் ஆட்கள் வேண்டாமே" என்றார். "பரவாயில்லை, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. எங்களை எழுப்பிப் பால்கனிக்கு அனுப்பினார். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த மகளின் பள்ளிக்கூடப் படத்தைக் காட்டி, "இதைக் கொஞ்சம் எடுத்து வைக்கிறீர்களா?" என்றும் கேட்டார். எங்கள் மூஞ்சி அவர்கள் விளம்பரத்துக்கு ஆகாதாம்! கறுத்த தோல் என்பதால்தானே என்று மனதுக்குள் குமைந்தேன். சுட்டுவைத்த வடையைக்கூட அந்த அம்மாளுக்குக் கொடுக்கவில்லை.

எங்கள் அம்மா ஊரில், எம். புதுப்பட்டி என்ற கிராமத்தில், ஒரு வளவில் வாடகைக்கு இருக்கிறாள். ஒரே கேட்டுக்குள் எதிரும் புதிருமாக எட்டு வீடுகள், நடுவில் ஒரு குழாய். எட்டு வீட்டுப் பெண்களும் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் போகிறவர்கள். வீட்டுக்காரர் தங்கராசு அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடம் போர்மேனாக இருந்து, சேர்த்ததை எல்லாம் இந்த வளவில் போட்டவர். ஆனால் அவருக்கு வளவில் கதவு என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஓடு பார்க்க, மீட்டர் பார்க்க, சும்மா பார்க்க என்று நினைத்த நேரம் உள்ளே வருவார். நான் பெரிய மனுஷியான வருடத்தில், கொடியில் காயும் துணிகளுக்கு நடுவே அவர் தலை தெரிந்தாலே அடுப்படிக்குள் ஓடி ஒளிந்திருக்கிறேன். அதைத் தப்பென்று அப்போது நான் நினைத்ததுகூட இல்லை. வீடு அவருடையதுதானே!

ஹெலன் வந்துபோன மறு வாரம், பேருந்தில் வேலைக்குப் போகும்போது சித்தி மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். 'எம். புதுப்பட்டியில் வீடு வாடகைக்கு' என்று தலைப்பு. வளவில் ஒரு வீடு காலியாம். அங்கே வெள்ளையடிப்பு நடந்ததால், மாதிரி காட்டுவதற்கு அண்ணாச்சி புரோக்கரை எங்கள் வீட்டுக்குள் கூட்டிப் போயிருக்கிறார். புரோக்கர் போனைப் பிடித்துக்கொண்டே நுழைகிறான். அம்மா அப்போதுதான் வேலை விட்டு வந்திருக்கிறாள். அலுமினியப் பொடி போகக் குளிக்காமல் அவள் அடுப்புப் பக்கமே போகமாட்டாள். பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டி, முகமும் தோளும் வெள்ளியாக மின்ன, கையில் சொம்போடு நிற்கிறாள். போனைப் பார்த்ததும் மூலையில் திரும்பிக் குறுகி உட்கார்கிறாள். புரோக்கர், "நல்ல காத்தோட்டமான வீடு, நல்ல குடும்பங்க" என்று சொல்லிக்கொண்டே போகிறான். பேருந்தில் அத்தனை பேருக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன். ஹெலன் எங்களை ஏன் பால்கனிக்கு அனுப்பினார் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

இறங்கியதும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, எங்கம்மாவ அந்தக் கோலத்துல வீடியோவுல போட்டிருக்கீகளே, ஒரு வார்த்த கேட்டீகளா?"

"என்ன பாப்பா இப்பிடிச் சொல்ற? வளவுலயே சுத்தமான வீடு ஒங்க வீடுதான்னு பெருமையாத்தான காமிச்சேன். எம்புட்டுப் பேரு பாத்திருக்காக தெரியுமா?"

"அத மொதல்ல எடுத்துருங்க. எங்க ஊருல இதெல்லாம் குத்தம்."

"ஒங்க ஊரா? ஒனக்கு எது ஊரு?" என்று அவர் குரல் மாறியது. "என் வீட்ட நான் காமிக்கக் கூடாதா? பிடிக்கலன்னா ஒங்கம்மாவ வேற வீடு பாத்துக்கிடச் சொல்லு."

சட்டம் பேசப் போய்க் காரியத்தைக் கெடுத்தேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அங்கே வேறு வீடு லேசில் கிடைக்காது. கம்பெனி வேன் வந்து நிற்பதும் அந்தத் தெரு முனையில்தான். அம்மா என்னைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். "ஏத்தா, நீ பாட்டுக்கு அங்கன இருந்து பேசிப்புட்ட. இருவத்தி ரெண்டு வருசமா இங்கன கெடக்கேன். இனிமே சட்டி பானையத் தூக்கிட்டு எங்கன போவேன்?" என்று வைத்தவள், அதற்கப்புறம் ஒரு வாரம் என் போனை எடுக்கவே இல்லை.

அந்த ஒரு வாரத்தில் நடந்ததைப் பக்கத்து வீட்டுச் செல்வி அக்காதான் எனக்குச் சொன்னாள். பட்டாசுக் கம்பெனியின் நடைமுறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கேட்டிலேயே செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு அறையின் சுவரிலும் உள்ளே எத்தனை ஆள் இருக்கலாம் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் யாரும் உள்ளே போகலாம். அம்மா குழாயடியில் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மற்ற பெண்களிடம் கேட்டாளாம்: "நம்ம ரூம்புக்கு மொதலாளியே வந்தாலும் என்ன செய்வாரு? போனக் குடுத்துட்டு, தகட்டத் தொட்டுட்டுத்தான கால வைக்காரு? உள்ள நாலு பேரு இருந்தா வெளிய நின்னுதான பேசுதாரு? ரூம்பு அவருதுதான். உள்ள இருக்கிற உசுரு நம்மதுல்லா?" இருபத்திரண்டு வருடமாகத் தலையைக் குனிந்து, "சரிங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லிப் பழகியவள் பேசிய பேச்சு இது.

ஞாயிற்றுக்கிழமை காலை, காலி வீடு பார்க்க வந்த ஒரு குடும்பத்தோடும் புரோக்கரோடும் அண்ணாச்சி வந்தார். காலி வீட்டைத் தவிர ஏழு வீட்டு வாசலிலும் சுண்ணாம்பில் 'ஆட்கள் 2', 'ஆட்கள் 4' என்று எழுதியிருந்தது. கேட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதன் பக்கத்தில் அம்மா. அவளுக்குப் பின்னால் மற்ற ஆறு வீட்டுப் பெண்கள். அவர்களுடைய போன்கள் ஏற்கெனவே கூடைக்குள் கிடந்தன.

"வாங்க அண்ணாச்சி. போனக் கூடையில போடுங்க."

புரோக்கர் சிரித்திருக்கிறான். "என்னக்கா, வெடி மருந்தா வச்சிருக்கீக?"

"ஆமா, வச்சிருக்கோம்" என்றாளாம் அம்மா.

அப்போது ஒரு அதிசயம் நடந்தது. அண்ணாச்சியின் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. முப்பது வருடம் அவரும் முதலில் தீப்பெட்டி, பிறகு போன் என்று கேட்டில் கொடுத்துவிட்டுத்தானே உள்ளே போயிருக்கிறார்! போனைக் கூடையில் போட்ட பிறகுதான், தான் என்ன செய்தோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. சுவரில் இருந்த எழுத்தைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். புரோக்கர் பக்கம் திரும்பி, "ஏலே, போடுலே போன!" என்று ஒரு சத்தம் போட்டார். பழைய போர்மேன் குரல் அது. பிறகு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, நிலைக்கு வெளியே நின்றுகொண்டு, "மாரியம்மா, இவுக வீட்ட ஒரு எட்டுப் பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

"இன்னைக்கு வேண்டாம் அண்ணாச்சி. காலி வீட்டையே காட்டுங்க. வெள்ளதான் காஞ்சிருச்சே" என்றாள் அம்மா.

மத்தியானத்துக்குள் வீடியோ காணாமல் போய்விட்டது. அம்மாவின் வீடு எங்கும் போகவில்லை. புதிதாக வந்த குடும்பமும் முதல் வேலையாகத் தங்கள் வாசலில் 'ஆட்கள் 5' என்று எழுதிக்கொண்டதாம். இதைக் கேட்டு நான் சமையலறையில் குதித்த குதியில் கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். எனக்கிருந்த ஒரே குறை, அந்தக் காட்சிக்கு வீடியோ இல்லை என்பதுதான்.

மறுநாள் அம்மாவே வீடியோ காலில் வந்தாள். குளித்து, தலை சீவி, பூ வைத்திருந்தாள். "அம்மா, சுவத்துல எழுதினதக் காமி" என்றேன். காட்டினாள். கோணலான சுண்ணாம்பு எழுத்து. "அப்பிடியே உள்ள போய் வீட்டையும் காமிம்மா, பாத்து எம்புட்டு நாளாச்சு" என்று கெஞ்சினேன். அம்மா அசையவில்லை.

"உள்ள செல்வி தல தொவட்டிக்கிட்டு இருக்கா. அவளக் கேக்காம எப்பிடிக் காமிக்க? நீ அங்கனயே நில்லுத்தா."

சொல்லிவிட்டு, போனைத் தன் பக்கம் திருப்பி வாசல்படியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் தோளுக்குப் பின்னால் சாத்திய கதவு மட்டும் தெரிந்தது. நான் வளர்ந்த வீடு. கடல் தாண்டி, வேறு யாருக்கோ சொந்தமான ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கதவுக்கு வெளியே அனுமதிக்காகக் காத்திருந்தேன். என்னை உள்ளே விடாத அம்மாவைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.