தெற்கு வெளியில் குதிரைகள்

நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் முதல் நியமனம் கிடைத்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது. தங்குவதற்கு ஓர் அக்கா தன் வீட்டில் அறை தந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பிறந்தது இந்தத் தீவில்தான் என்றாலும், பதினேழு வயதில் கலியாணமாகி, கணவர் கடை வைத்திருந்த தெற்கத்திச் சிங்கள ஊருக்குப் போனவர். ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தில் இருவரும் உயிர் தப்பி இங்கு வந்தார்கள். சில மாதங்களில் கணவர் கடையைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டார். அக்கா இங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. யார் முடிவு என்று நான் கேட்கவில்லை.

பின்னேரங்களில் அக்கா அந்த ஊரைப் பற்றியே பேசுவார். அங்கே மழை விடாமல் பெய்யும், பலாப்பிஞ்சு சும்மா கிடைக்கும், பக்கத்து வீட்டு அம்மாவின் கைப்பக்குவம் யாருக்கும் வராது. ஒரு மாசி மாதச் சனிக்கிழமை, பேச்சை நிறுத்திவிட்டுத் திடீரென்று கேட்டார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லைத்தானே ரீச்சர்? தெற்கு வெளியிலை திரியிற குதிரையளைப் போய்ப் பாத்திட்டு வருவமே?"

"தூரமோ அக்கா?"

"கிட்டத்தான். நான் பிறந்த ஊர், எனக்குத் தெரியாதே?"

காலையில் புட்டும் சம்பலும் வாழையிலையில் கட்டிக்கொண்டு, ஒரு போத்தலில் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். வழிநெடுக இரண்டு பக்கமும் மதில். சாந்து இல்லாமல், கடலில் எடுத்த முருகைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியே நெஞ்சுயரத்துக்குக் கட்டியிருந்தார்கள். எல்லா மதிலும் ஒரே மாதிரி. மூன்றுதரம் ஒரே பனைகளுக்கடியில் வந்து நின்றோம். அக்கா யாரிடமும் கேட்பதாக இல்லை. சரிந்த மதிலைத் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் கடைசியில் நான்தான் கேட்டேன்.

"உதாலை நேர போங்கோ பிள்ளை. மதில் முடிஞ்சால் வெளிதான். குளத்தடியிலை நிண்டால் குதிரையள் வரும்" என்றார் அவர்.

மதில்கள் முடிந்த இடத்தில் வானம் சட்டென்று பெரிதாகிவிட்டது. கண்ணுக்கெட்டிய வரை புல். மாரி மழையின் பச்சை இன்னும் மாறவில்லை. புல்லுக்கிடையே சாம்பல் நிறப் பாறைகள், முதுகு முதுகாகக் கிளம்பி நின்றன. அவற்றின் துளைகளில் தேங்கியிருந்த தண்ணீரில் வெயில் பளபளத்தது. காற்று குடையைப் பிடுங்கப் பார்த்ததால் மடக்கிவிட்டேன். பாறை கிழித்து அக்காவின் செருப்புவார் அறுந்தது. முகம் துடைக்கும் கைலேஞ்சியால் அதைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தார்.

முதற்குளத்தில் நான்கு மாடுகள் மட்டும் நின்றன. அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்தார். முகம் வாடிவிட்டது.

"ரீச்சர், நான் இஞ்சை ஒருநாளும் வந்ததில்லை."

"ஒருநாளுமோ?"

"பொம்பிளைப் பிள்ளையளை ஆர் விட்டது? கோயில், பள்ளிக்கூடம், வீடு. குதிரையெண்டு நான் கண்டது, துறையடியிலை சுமை ஏத்திற கிழட்டுக் குதிரை ஒண்டைத்தான்."

பிறகு அவரே சொன்னார். அந்தச் சிங்கள ஊரில் போய் இறங்கிய புதிதில், உன் ஊரில் என்ன இருக்கிறது என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டிருக்கிறார். சொல்ல ஒன்றும் தோன்றாமல், குதிரைக் கூட்டம் இருக்கிறது, கதவுயரக் குதிரைகள், வெள்ளைக் குதிரைகள் என்று அக்கா அளந்துவிட்டார். கலவர நேரம் அந்த அம்மாதான் இவர்களைத் தன் வீட்டுப் பின்னறையில் மூன்று நாள் ஒளித்து வைத்தவர். அக்காவின் நடுக்கம் நிற்கவில்லை. அதை நிறுத்த, அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, குதிரைக் கதையைச் சொல்லு என்று கேட்டிருக்கிறார்.

"மூண்டு நாளும் பொய்தான் சொன்னனான்" என்றார் அக்கா.

தேத்தண்ணிப் போத்தலைக் கொடுத்தேன். எழும்பி அடுத்த குளத்துக்கு நடந்தோம். வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் அவை வந்தன. மண்ணிறத்தில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள், வால்முடியில் முள் சிக்கியிருக்க, ஒரு குட்டியை நடுவில் விட்டுக்கொண்டு வந்து தண்ணீரில் வாய் வைத்தன. ஒன்றும் அக்காவின் தோளுக்குமேல் இல்லை.

"ஐயோ, இவ்வளவு கட்டையே!" என்று அக்கா சிரித்தார். சிரிப்பு நிற்காமல் வந்து, கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைக்கும்வரை போயிற்று. குதிரைகள் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடியும் குடித்தன.

அன்று பின்னேரமே அந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதவேண்டும் என்றார். அவருக்குச் சிங்களம் பேச வரும், எழுத வராது. அந்த அம்மாவின் மகள் இங்கிலீசு படித்தவள் என்பதால் நான் இங்கிலீசில் எழுதினேன்.

"கட்டைக் குதிரை எண்டும், மண்ணிறம் எண்டும் எழுதும்."

"அது தேவையோ அக்கா?"

"ஓம், எழுதும். அவ எனக்கு ஒரு பொய்யும் சொன்னதில்லை."

பதில் வர ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. மகள் எழுதியிருந்தாள். குதிரை சின்னதென்று கேட்டு அம்மாவுக்குச் சந்தோசமாம். கதவுயரக் குதிரைகளுக்கிடையில் அக்கா எப்படித் தனியாக இருக்கிறாரோ என்று இத்தனை நாளும் அவருக்குப் பயமாக இருந்ததாம். அதை இரண்டுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அக்கா அடுப்பு மூட்டக் குசினிக்குள் போனார்.

அடுத்த வருடம் கணவர் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அவரை வரச்சொல்லிப் பிடிவாதமாகக் கடிதம் போட்டவர் அக்காதான். வள்ளம் ஏறும்போது அக்காவின் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. எனக்குச் சற்றுக் கோபமாகக்கூட இருந்தது. பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட வேறொரு வீட்டில் தங்கினேன். நல்ல மனிதர்கள்தான். ஆனால் பின்னேரங்களில் அங்கே யாரும் அவ்வளவு பேசுவதில்லை.