காரணம்: விருப்பம்

எங்கள் பள்ளியின் தாவரவியல் ஆய்வகத்தில், தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் வரைந்த பெரிய படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. மூன்று வருடங்கள், காலை ஒன்பது மணி முதல் மாலை நாலரை வரை, அந்த ஆணியில் ஒரு கருநீலப் பாவாடை தொங்கியது. கணுக்கால் வரை வரும் நீளம். இடுப்பில் எலாஸ்டிக், முன்பக்கம் நான்கு மடிப்பு, இரண்டு பக்கமும் ஆழமான பாக்கெட். துணி, கடையில் சீருடைக்கென்று விற்பார்களே, அதே கெட்டித் துணி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் முதல் நாள் அதைப் பார்த்து யாருடையது என்று கேட்பார்கள். பழைய பிள்ளைகள் “சாரோடது” என்று சொல்லிவிட்டு நுண்ணோக்கிக்குத் திரும்பிவிடுவார்கள்.

நான் திண்டுக்கல்லில் அந்தக் கத்தோலிக்கப் பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பாட்டனி சாருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். பக்கத்து ஊரான அகரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அங்கே அவருக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மனைவி நர்ஸ். ஒரே மகள் எங்கள் பள்ளியிலேயே ஒன்பதாவது படித்தாள். ஒல்லியான, அமைதியான மனிதர். மதியம் ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே நீளமேசையில்தான் சாப்பிடுவோம். அவருடைய டிபன் கேரியரில் ஓர் அடுக்கு முழுக்கத் தோட்டத்துக் காய்கறியாக இருக்கும். யார் எழுந்தாலும், “செத்த பொறுங்க, வெஞ்சனம் வச்சுக்கிட்டுப் போங்க” என்பார். கத்தரிக்காய் கொண்டுவரும் நாளில் என் டப்பா மூடியில் கேட்காமலே வைப்பார்.

நான் சேர்ந்து எட்டாவது மாதம், பொங்கல் விழா. எங்கள் பள்ளியில் ஆண் ஆசிரியர்களுக்கு பேண்ட்-சட்டை கட்டாயம். அந்த ஒரு நாள் மட்டும் வேட்டிக்கு அனுமதி உண்டு. எல்லாரும் கரை வேட்டியில் வந்து வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டனி சார் கருநீலப் பாவாடையும், உள்ளே விட்ட வெள்ளைச் சட்டையுமாக வந்து, வண்டியை நிறுத்திவிட்டு, வரிசையின் ஓரத்தில் போய் நின்றார். வேடம் என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். மறுநாளும் அதையே உடுத்தி வந்தபோது யாரும் கைதட்டவில்லை.

ஓய்வறையில் இயற்பியல் ஆசிரியர்தான் நேராகக் கேட்டார், என்ன சார் இது என்று.

“தைச்ச வேட்டின்னு நெனச்சுக்கங்க சார்” என்றார் அவர்.

“அப்ப வேட்டியவே கட்டலாமே.”

“கட்டியிருக்கேன். இதுதான் பிடிச்சிருக்கு.”

அதற்குமேல் அவர் விளக்கவில்லை. ஒன்றரை வருடமாக அகரத்தில் இப்படித்தான் இருக்கிறார், சந்தைக்கும் கோயிலுக்கும் இப்படித்தான் போகிறார் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பிடித்திருக்கிறது என்ற பதில் யாருக்கும் போதவில்லை. ஒருவர் அவருக்கு விரைவீக்கம் என்றார். இன்னொருவர் ஆரோக்கிய மாதாவுக்கு வேண்டுதல் என்றார். குடும்பத்தில் ஏதோ பிரச்சினை, மனைவியைப் பழிவாங்குகிறார் என்றுகூடப் பேச்சு வந்தது. ஆளுக்கொரு காரணம் கிடைத்தபின்தான் எல்லாருக்கும் நிம்மதியாகச் சாப்பிட முடிந்தது.

அந்த வாரமே ஒரு கடிதம் சுற்றுக்கு வந்தது. ‘மாணவர் நலன் கருதி’ என்று தொடங்கி, ஆசிரியர் ஒருவரின் உடை பள்ளியின் கண்ணியத்தைக் குலைப்பதாகத் தாளாளருக்கு எழுதியிருந்தார்கள். எனக்கு முன்னால் ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. பேனாவை நீட்டியவர் என் துறைத் தலைவர். எட்டாவதாகப் போட்டேன். சொல்லப்போனால் அப்போது பெரிதாக உறுத்தவும் இல்லை. யாரும் என்னை மட்டும் தனியாகக் கவனித்துவிடக் கூடாது என்ற எண்ணம்தான் மனத்தில் இருந்தது. பர்தா போட்டு வரும் ஒரே ஆசிரியை நான். ஏற்கெனவே கவனிக்கப்படுகிறவள்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது, தகப்பன் வீட்டிலேயே இருந்தேன். அங்கே இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். என் அத்தாவுக்கு பேகம்பூரில் தோல் வியாபாரம். கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான் கட்டியிருக்க கைலியும் மூட்டுனதுதானம்மா. நான் சொருகியிருக்கேன், அவரு எலாஸ்டிக் வச்சிருக்காரு. இதுக்கெதுக்கு லெட்டரு?” என்றவர், கொஞ்சம் பொறுத்து, “நீ கையெழுத்துப் போட்டியா?” என்றார்.

“இல்லத்தா” என்றேன்.

தாளாளர் ஃபாதர் கூட்டம் போட்டார். கூட்டக் குறிப்பு எழுதுவது எந்தப் பள்ளியிலும் தமிழாசிரியரின் தலையில்தான் விழும். அதனால் நானும் அந்த அறையில் இருந்தேன். ஃபாதர், தலைமையாசிரியை, இயற்பியல் ஆசிரியர், பாட்டனி சார், ஒரு ஓரத்தில் நோட்டோடு நான். மேசைமேல் அந்தக் கடிதம் விரித்துக் கிடந்தது. ஃபாதருக்கு அறுபது வயதிருக்கும். குதிகால் வரை தொங்கும் வெள்ளை அங்கியின் மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு, நல்ல மனத்தோடுதான் கேட்டார்.

“உடம்புக்கு ஏதாவதா சார்? டாக்டர் சொன்னாரா?”

“இல்ல ஃபாதர்.”

“வேண்டுதலா?”

“இல்லாத வேண்டுதல எப்படிச் சொல்றது ஃபாதர்?”

ஃபாதர் என்னைப் பார்த்து, “டீச்சர், காரணம் உடல்நலம்னு எழுதிக்கங்க. பெற்றோர் கேட்டா அதையே சொல்லிக்கலாம். யாருக்கும் சங்கடம் இல்ல” என்றார்.

அது ஒரு வழி. அவர் தலையை ஆட்டியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். நோய்க்காக என்றால் பாவாடை என்ன, எதை உடுத்தினாலும் எங்கள் ஊர் மன்னித்துவிடும். நான் ‘உட’ என்று எழுதியும்விட்டேன்.

“டீச்சர், அத எழுதாதீங்க” என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. “எனக்கு ஒரு நோயும் இல்ல. நாளைக்கு என் மக யார்கிட்டயும் எங்கப்பா நோயாளின்னு சொல்ல வேணாம்.”

“அப்ப என்னத்த எழுதுறது?” என்றார் தலைமையாசிரியை.

அவர் யோசித்தார். “பிடிச்சிருக்குன்னு எழுதச் சொல்லுங்க.”

எழுதியதை அடித்துவிட்டு, ‘காரணம்: விருப்பம்’ என்று எழுதினேன். ‘பிடிச்சிருக்கு’ என்பதற்கு எழுத்துத் தமிழில் எனக்கு அதுதான் கிடைத்தது.

இயற்பியல் ஆசிரியர், பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், ரோட்டில் பாவாடை என்று கூப்பிடுகிறார்கள் என்றார். ஃபாதர் தன் அங்கியை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

“பஸ் ஸ்டாண்டுல என்னப் பாத்தும் நாலு பேரு அதே வார்த்தையத்தான் சொல்றாங்க சார். நாப்பது வருசமா கேக்குறேன்” என்றார்.

பிறகு முடிவு சொன்னார். வகுப்பில் பேண்ட். வாசலுக்கு வெளியே அவர் என்ன உடுத்துகிறார் என்பது பள்ளியின் வேலை இல்லை. பாட்டனி சார் ஒத்துக்கொண்டார். மறுநாள் ஆய்வகத்தில் அந்த ஆணி அடிக்கப்பட்டது.

பாவாடையில் வருவார், ஆய்வகத்துக்குள் போய் பேண்ட்டுக்கு மாறுவார், மாலையில் மறுபடி மாறிக்கொண்டு கிளம்புவார். நானும் காலையில் வந்ததும் பர்தாவைக் கழற்றி ஓய்வறைக் கொக்கியில் மாட்டுகிறவள்தான். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்கிறோம் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பிள்ளைகளின் கேலி ஒரு பருவத் தேர்வுக்குள் ஓய்ந்துபோனது. அவருடைய மகளுக்குத்தான் ஓயவில்லை. அவள் ஸ்கூட்டரில் வருவதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் சாப்பிடும்போது, யாரும் கேட்காமல், “பஸ்ல வாரேன்னு சொல்லிட்டா. பின்னால ஆள் இல்லாம வண்டி ஓட்ட ஒரு மாதிரி இருக்கு டீச்சர்” என்றார். சொல்லிவிட்டு என் மூடியில் கத்தரிக்காய் வைத்தார். அவளுடைய பெற்றோர் கூட்டத்துக்கு மட்டும் வீட்டிலிருந்தே பேண்ட்டில் வந்தார். அவள் கேட்டாளாம்.

ஆணி அடித்து மூன்றாம் வருடம் முடியும்போது, கல்வியாண்டின் நடுவில் ஃபாதருக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்த ஃபாதர் சுறுசுறுப்பானவர், பள்ளியின் பெயரில் மிகுந்த அக்கறை உள்ளவர். அவர் வந்த இரண்டாம் மாதம், காய்கறிச் சந்தையில் பாட்டனி சார் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்ததை யாரோ பின்னாலிருந்து படம் எடுத்து, பள்ளியின் பெயரையும் போட்டு, வாட்ஸாப்பில் சுற்ற விட்டார்கள். கூடவே எழுதியிருந்ததை நான் இங்கே எழுத மாட்டேன். பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர் திரண்டு வந்தார்கள். இனிமேல் பொது இடம் எதிலும் இந்த உடையில் தென்பட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை என்று புதிய ஃபாதர் சொல்லிவிட்டார். மகள் அப்போது பன்னிரண்டாவது. பொதுத்தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது.

மறுநாள் மதியம் அவர் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்தார். ராஜினாமாக் கடிதம்.

“ஒற்றுப்பிழை இருந்தா திருத்திக் குடுங்க டீச்சர். கடைசியா எழுதுறது, தப்பில்லாம இருக்கட்டும்.”

ஆறு வரிதான் இருந்தது. யார்மீதும் குறை சொல்லவில்லை. ஓரிடத்தில் ‘க்’ விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டேன். தாளைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, “சார், அந்த மொத லெட்டர்ல நானும் கையெழுத்துப் போட்டேன்” என்றேன்.

“தெரியும் டீச்சர். எட்டாவது.”

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“அன்னைக்கு ஃபாதர் மேசைல தலகீழாத்தான் இருந்துச்சு. உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும்ல, படிக்க முடிஞ்சுச்சு.”

“அம்புட்டு நாளும் தெரிஞ்சேவா எனக்கு வெஞ்சனம் வச்சீங்க?”

அவர் உண்மையிலேயே புரியாதவர்போல் என்னைப் பார்த்தார். “பசிக்கும்ல” என்றார்.

பிறகு தாளை வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலை மணி அடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே பாவாடைக்கு மாறி, வகுப்புகள் நடந்துகொண்டிருக்கும்போதே தாழ்வாரத்தின் முழு நீளத்தையும் நடந்து படியிறங்கினார். வகுப்பு நேரத்தில் அவரை அந்த உடையில் அந்தப் பிள்ளைகள் பார்த்தது அன்றுதான். என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து நின்றாள். பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். ஆசிரியர் கடந்து போனால் எழுந்து நிற்பது எங்கள் பள்ளி வழக்கம், அவ்வளவுதான். ஆனால் நான் அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

அவர் சிரமப்பட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு வருடம் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் சம்பளத்தில்தான் மகள் கல்லூரி சேர்ந்தாள். அப்புறம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு மாடியில் மருத்துவ நுழைவுத் தேர்வுக்கு உயிரியல் வகுப்பு தொடங்கினார். முதலில் ஆறு பிள்ளைகள். இப்போது இரண்டு பிரிவு. அன்று திரண்டு வந்த பெற்றோரில் ஒருவரின் இளைய மகன்கூட அங்கே படித்தானாம். நான் இத்தனையையும் பிறர் வாயால்தான் அறிந்தேன். ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒன்பது வருடம் போய்ப் பார்க்கவில்லை. எதிரில் போய் நிற்கத் தயக்கமாக இருந்தது.

இந்த வருடம் என் மகள் பதினொன்றாவது போனாள். உயிரியலுக்கு அவரிடம்தான் போவேன் என்று அவளே விசாரித்துக்கொண்டு வந்தாள். சேர்க்க நான் போனேன். மழை விட்ட மாலை. அவருக்கு முடி நரைத்திருந்தது. பாவாடை இப்போது சாம்பல் நிறம். என்னைப் பார்த்ததும் சாக்பீஸ் தூளில் வெளுத்த கையைத் தட்டிக்கொண்டு, “வாங்க டீச்சர், அத்தா நல்லா இருக்காங்களா?” என்றார். அத்தா போய்விட்டதைச் சொன்னேன். அவர் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாளாம். ஊருக்கு வந்தால் அவரோடு கடைக்குப் போகிறாளா என்று கேட்டேன். சிரித்தார்.

“வருவா. ரெண்டடி முன்னால நடப்பா. முன்னாடியெல்லாம் தெருவோட அந்தப் பக்கம்ல நடப்பா.”

மகளை வகுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். அவரும் பேனா வாங்க வேண்டும் என்று கீழே இறங்கி வந்தார். அவரோடு ஒரு தெருவில் நடந்தது எனக்கு அதுதான் முதல்முறை. டீக்கடையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் பைக்கை மெதுவாக்கி, அவரை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்து, “என்ன டீச்சர், தெரிஞ்சவரா?” என்றார். சிரிப்பதற்குத் தயாராக இருந்த முகம்.

“ஆமா. எங்க சார்” என்றேன்.

அவர் ஏதோ முனகிக்கொண்டு போய்விட்டார். பாட்டனி சார் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடைக்கு முன்னால் சாலையின் பாதி அகலத்துக்குச் செம்மண் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவர் குனியாமல் இரண்டு விரலால் பாவாடையைக் கொஞ்சமாகத் தூக்கிப் பிடித்தார். நானும் பர்தாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். “வழுக்கும், பாத்து வாங்க” என்றார். எதிரே வந்த பஸ் போகட்டும் என்று நின்றுவிட்டு, இரண்டு பேருமாக அந்தப் பக்கம் போனோம்.