கிளவுடுக்குள் போக ஒரு டம்ளர்

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஜமால் பாயின் பாட்டில் மூடி கம்பெனியில் ஏசி இருந்தது ஒரே ஓர் அறையில்தான். அதுவும் மனிதர்களுக்கில்லை, சர்வர் கம்ப்யூட்டருக்கு. அந்த அறையின் சாவி நிர்மலாதேவியின் இடுப்பில் இருந்தது. பில் போட வேண்டுமா, ஸ்டாக் பார்க்க வேண்டுமா, வெயிலுக்குக் கொஞ்சம் ஒதுங்க வேண்டுமா, அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும். அரியாங்குப்பத்து வீட்டில் மாமியார், கணவர், டிவி ரிமோட் எதுவும் அவள் பேச்சைக் கேட்காது. ஆபீசில் அவள் வைத்ததுதான் சட்டம்.

2009இல் பாய் சென்னையில் ஏதோ கண்காட்சிக்குப் போய்வந்தார். “இனிமே சர்வரே வேணாம் நிர்மலா. கணக்கெல்லாம் கிளவுட்ல இருக்கும். இன்டர்நெட் இருந்தா எங்கேர்ந்து வேணா பாக்கலாம்.”

அப்ப நான் எதுக்கு என்று கேட்க வாய் வரை வந்தது. “ஏசி?” என்று மட்டும் கேட்டாள்.

“அது என் ரூமுக்கு.”

இனி யார் அவளைத் தேடி வருவார்கள்?

ஆனால் பாய் சிக்கனக்காரர். கிளவுட் கம்பெனிக்காரர்கள் ஆளுக்கொரு லாகின் கணக்கு வாங்கச் சொன்னார்கள். “எல்லாம் ஒரே குடும்பந்தானே” என்று நிர்மலாதேவி பேரில் ஒன்றே ஒன்று வாங்கி, பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டிவிட்டார். கிளவுடோ கறாரான ஆசாமி. புதிதாக ஒருவர் நுழைந்தால், உள்ளே இருப்பவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

“யாருப்பா உள்ள பூந்தது? முக்கா பில்லு போட்டுட்டேன்!” சரக்கு அனுப்பும் கலியமூர்த்தி அலறுவார்.

“நாந்தாண்ணே, ரெண்டு நிமிஷம்!” என்பாள் கொள்முதல் பார்க்கும் சரிதா. அதற்குள் பாய் தன் வீட்டிலிருந்து கிளவுடுக்குள் எட்டிப் பார்ப்பார். சரிதாவும் வெளியே. பில்லுக்குக் காத்திருந்த லாரி டிரைவர் தூங்கியே போய்விட்டார்.

நிர்மலாதேவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் தன் எவர்சில்வர் டம்ளரை மேஜைமேல் ணங்கென்று வைத்தாள். “இது யார் கையில இருக்கோ அவங்கதான் உள்ள போகணும். முடிச்சுட்டு எங்கிட்ட குடுத்துடணும். பாயா இருந்தாலும் சரி.”

லாரிகள் கிளம்பின. மறுபடியும் எல்லோரும் அவள் மேஜை முன்னால். பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

டம்ளருக்காகக் கால் கடுக்க நின்ற பாய் ஒருநாள் கேட்டார்: “எல்லாருக்கும் தனித்தனியா வாங்கிடலாமா? நீ சொன்னா சரி.”

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் தன் முறைக்குக் காத்திருந்த கலியமூர்த்தி கண்ணில் பட்டார். “வாங்கிடுங்க பாய்” என்றாள். டம்ளரை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

புதுக் கணக்குகள் வந்தன. ஆபீசில் சத்தமே இல்லை. அவரவர் பாட்டுக்கு வேலை பார்த்தார்கள். நிர்மலாதேவியை ஒருவரும் கூப்பிடவில்லை. ரிட்டயர் ஆனவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை கலியமூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். “யம்மா, பாஸ்வேர்டு மறந்துபோச்சு. மொதக் கணக்கு உன்னுதாமே, அதுலேர்ந்துதான் மாத்த முடியுமாம்.” அவர் பின்னாலேயே சரிதா. சரிதாவுக்குப் பின்னால், அசட்டுச் சிரிப்போடு பாய்.

“ஒருத்தருக்காவது பொறுப்பு இருக்கா?” என்று சிடுசிடுத்தாள் நிர்மலாதேவி. சந்தோஷத்தில் அவள் கை கால் ஓடவில்லை. “தள்ளாதீங்க. வரிசையா வாங்க.”